பைக்பேக்கிங்: ஒரு கிராம் குறைக்க எத்தனை ரூபாய் கொடுக்கலாம்?



பைக்பேக்கிங்னு சொன்னா நம்ம ஊர்ல பலருக்கும் புல்லட்தான் ஞாபகம் வரும். இது பெடல் சைக்கிள். பைகளை சைக்கிள் ஃப்ரேம்லயே கட்டிக்கிட்டு ரெண்டு, மூணு நாள் பயணம் போறது. மயிலாப்பூர்ல விடியற்காலை கிளம்பி, அடையாறு, திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர். பிடிச்சா மாமல்லபுரம் சுமார் 55 கி.மீ., புதுச்சேரி சுமார் 150 கி.மீ. பெட்ரோல் செலவு இல்லை, டிக்கெட் செலவு இல்லை. அப்போ பணம் எங்கே போகுது? 'லைட்வெயிட்'ங்கிற ஒரே வார்த்தையிலதான்!

பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக்னு சேர்த்துக்கிட்டே போனா, சைக்கிளைவிட சாமான் விலை அதிகமாயிடும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: ஒரு கிராம் குறைக்க நான் எத்தனை ரூபாய் கொடுக்கிறேன்?

1 கிலோ குறைஞ்சா என்ன லாபம்?

நீங்க, சைக்கிள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோன்னு வெச்சுக்குவோம். ஏற்காடு மாதிரி மலையில 2 மணி நேரம் ஏறணும்னா, 1 கிலோ குறைச்சதுல மிச்சமாகுறது ஏறக்குறைய 80 விநாடி. அவ்வளவுதான்.

ஈ.சி.ஆர். சமதளமான ரோடு. அங்கே உங்களை இழுத்துப் பிடிக்கிறது பெரும்பாலும் எதிர்க்காத்து, எடை இல்லை. அதனால பையோட எடையைவிட அதோட வடிவம்தான் முக்கியம். ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கிற பையைவிட, சீட்டுக்குப் பின்னாலயும் ஃப்ரேமுக்கு நடுவுலயும் ஒடுங்கி உட்கார்ற பை நல்லது.

ரூபாய்–கிராம் கணக்கு

சமையலறை தராசுல ஒவ்வொரு பொருளையும் வெச்சுப் பாருங்க.

1. செலவே இல்லாதது: ரெண்டாவது ஜீன்ஸை வீட்டுலயே விடுங்க. அரை கிலோவுக்கு மேல குறையும், செலவு ₹0.

2. சில்லறைச் செலவு: கனமான டர்க்கி டவலுக்குப் பதிலா நம்ம ஈரிழைத் துண்டு. 300 கிராம் குறைய ₹100 செலவுன்னா, கிராமுக்கு 33 பைசா. சீக்கிரம் காயும். போர்வைக்கு ஒரு நாலு முழ வேட்டி போதும்; கடற்கரை ஓரப் புழுக்கத்துல ஸ்லீப்பிங் பேக் எதுக்கு?

3. பெரிய செலவு: கேரியரும் பக்கப் பையும் சேர்த்து 1,800 கிராம், ₹4,000. பைக்பேக்கிங் பை செட் 1,000 கிராம், ₹12,000. ஒரு உதாரணத்துக்குத்தான் சொல்றேன். 800 கிராம் குறைக்க ₹8,000 கூடுதல், அதாவது கிராமுக்கு ₹10! துண்டு கணக்கைவிட 30 மடங்கு.

டென்ட்டும் இப்படித்தான். டென்ட் ₹6,000, ரூம் ₹1,000னு வெச்சா, 6 ராத்திரி தங்கினாதான் போட்ட காசு திரும்பும். ரூம்ல குளிக்கலாம், சார்ஜ் போடலாம், சைக்கிளைப் பத்திரமா வைக்கலாம்.

மழைக்கு? அக்டோபர்–டிசம்பர்ல கிளம்பினா, விலை உயர்ந்த வாட்டர்ப்ரூஃப் பை இல்லாட்டியும் பரவாயில்லை. துணிகளை ஒரு தடிமனான பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ளே வைங்க. தி.நகர்ல சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ. கனம்தான், ஆனா நம்ம வெயில்ல அதைக் குறைக்காதீங்க. ஹெல்மெட், பின்விளக்கு, பஞ்சர் கிட், காத்தடிக்கிற பம்ப், முதலுதவி – இதுக்கெல்லாம் கிராம் கணக்கே பார்க்கக் கூடாது. 200 கி.மீ.யை 13.5 மணி நேரத்துல முடிக்கிற பி.ஆர்.எம். ரைடுலயே, இருட்டுல விளக்கும் ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட்டும் கட்டாயம்.

இ.எம்.ஐ. போடலாமா?

வேண்டாம். கிரெடிட் கார்டுல 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'ன்னாலும் வட்டித் தொகைக்கு 18% ஜி.எஸ்.டி. வரும், பல இடங்கள்ல பிராசசிங் கட்டணமும் உண்டு. அதைவிட முக்கியம், எத்தனை தடவை போவீங்க? ₹12,000 பையோட 3 தடவை போனா, ஒரு பயணத்துக்கு ₹4,000. 30 தடவை போனா ₹400தான். பையோட உண்மையான விலையை முடிவு பண்றது கடைக்காரர் இல்லை, உங்க கால்கள்!

என் முதல் பயணத்துல 9 கிலோ தூக்கிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தா பாதிச் சாமானைத் தொடவே இல்லை. அன்னிக்கு எல்லாத்தையும் தரையில கொட்டி மூணு குவியலா பிரிச்சேன்: தினமும் எடுத்தது, ஒரு தடவை எடுத்தது, எடுக்காதது. அவசரத்துக்கு வெச்ச பொருட்களைத் தவிர மூணாவது குவியல் முழுக்க அடுத்த தடவை வீட்டுலயே தங்கிடுச்சு.

நீங்களும் நண்பர்கிட்ட ஒரு பையைக் கடன் வாங்கி, மாமல்லபுரம் வரைக்கும் ஒரு ராத்திரி போயிட்டு வாங்க. திரும்பி வந்து மூணு குவியலா பிரிங்க. அதுக்கப்புறமும் ஏதாவது குறையா தெரிஞ்சா, அதை மட்டும் காசு சேர்த்து வாங்குங்க.