லிட்டில் பிரவுன் ஜக்: பாயாமல் ஓடும் குதிரைகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வடக்கே டெலவேர் என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை 40,000 சொச்சம். செப்டம்பரில் அங்கே மாவட்டக் கண்காட்சி களைகட்டும். மாடு, ஆடு, கோழி, ராட்டினம், தின்பண்டக் கடை என்று எல்லாம் இருக்கும். அந்த வாரத்து வியாழக்கிழமையில்தான் ‘லிட்டில் பிரவுன் ஜக்’ பந்தயம். 1946-இல் தொடங்கிய இது, மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. பெயர் 19-ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றிருந்த ஒரு பந்தயக் குதிரையுடையது.

இங்கே குதிரை முதுகில் யாரும் ஏறுவதில்லை. சல்கி எனப்படும் இலேசான இரு சக்கர வண்டியைக் குதிரை இழுக்கும். குதிரையின் வாலுக்கு நேர் பின்னே, கால்களை முன்னால் நீட்டி ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். 1892 வாக்கில் பெரிய மரச் சக்கரங்கள் போய், காற்றடைத்த டயருள்ள சிறிய சைக்கிள் சக்கரங்கள் வந்தன. ஓட்ட நேரம் சட்டென்று குறைந்தது.

ஆனால் முக்கியமான விஷயம் குதிரையின் காலில் இருக்கிறது. இந்தப் பந்தயத்தில் ‘பேஸ்’ என்ற நடையில் மட்டுமே ஓடலாம். இடப்பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் ஒன்றாக முன்னே போகும். அடுத்து வலப்பக்கத்து இரண்டும். ஒட்டகத்தின் ஓட்டமும் இதே வகைதான். வேகம் கூடும்போது நாலுகால் பாய்ச்சலுக்கு மாறுவதே குதிரையின் இயல்பு. இங்கே அப்படி மாறினால், ஓட்டுநர் கடிவாளத்தை இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும்; அதற்குள் மற்றவை முந்திவிடும். நடை தவறாதிருக்க, பெரும்பாலான குதிரைகளுக்கு ஒரே பக்கத்து இரு கால்களையும் இணைக்கும் வார் வளையங்களை மாட்டுவார்கள்.

வார் மட்டும் போதாது, பிறப்பிலும் வர வேண்டும். தண்டுவடத்தில் கால்களின் ஒத்திசைவைக் கவனிக்கும் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருந்தால், பாய்ச்சலுக்குத் தாவாமலே குதிரையால் மிகுந்த வேகத்தில் ஓட முடிகிறது என்று 2012-இல் கண்டறிந்தார்கள். வண்டிப் பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் ஸ்டாண்டர்ட்பிரெட் இனத்தில் ஏறக்குறைய எல்லாக் குதிரைகளிடமும் இந்த மாற்றம் உண்டு. 1980-இல் இந்தப் பந்தயத்தை வென்ற நயாட்ராஸ், அதே ஆண்டு வேறொரு மைதானத்தில் தனியோட்டமாக ஒரு மைலை 1 நிமிடம் 49.2 விநாடியில் கடந்தது. 1 நிமிடம் 50 விநாடிக்குள் ஓடிய முதல் ஸ்டாண்டர்ட்பிரெட் அதுதான்.

டெலவேரின் பாதை அரை மைல் நீளமே. ஒரு மைல் பந்தயத்துக்கு இரண்டு சுற்று, நான்கு வளைவு. உள்வேலியை ஒட்டி ஓடும் குதிரையைவிட இரண்டு மீட்டர் வெளியே ஓடும் குதிரை, ஒவ்வொரு வளைவிலும் ஆறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். மொத்தத்தில் சுமார் 25 மீட்டர்! ஒரு மைல் சுற்றளவுள்ள பாதையில் இந்த நஷ்டம் பாதிதான். அதனால் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறோம், எப்போது உள்ளே நுழைகிறோம் என்ற கணக்கு இங்கே உயிர்நாடி. போதாததற்கு, தகுதிச் சுற்றில் ஓடித் தேறிய குதிரை அன்றைக்கே இறுதிச் சுற்றிலும் ஓட வேண்டும்.

இவற்றுக்கு அஞ்சிச் சில உரிமையாளர்கள் ஒதுங்கிவிடுவதுண்டு. தலைமுறையின் தலைசிறந்த குதிரைகளில் ஒன்றாகப் பேசப்பட்ட சம்பீச்சம்வேர் 2008-இல் இங்கே ஓடவில்லை. பெரிய பாதைக்கு மாற்றினால் இப்படிப்பட்ட குதிரைகள் வரலாம். ஆனாலும் மாற்றக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். சின்னப் பாதையில்தான் வேலியோரம் நிற்பவர் ஒரே ஓட்டத்தில் குதிரைகளைத் திரும்பத் திரும்பக் கிட்டத்தில் பார்க்க முடிகிறது. அந்த இடத்துக்காக ஊர்க்காரர்கள் நாள்கணக்கில் முன்னதாகவே நாற்காலிகளைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டுவைப்பார்கள். இங்கே வென்ற ஒரே பெண் குதிரையான ஃபேன் ஹானோவர், 1981-இல் ஆண் குதிரைகளை முந்தியதும் இந்த நெருக்கமான வளைவுகளில்தான்.