கடை பூட்டிய பிறகு எடுத்த படம்

போன மாதம் என் ராத்தாவின் மகன் கடைக்கு வந்து, "மாமா, மூன்று இலட்சம் ரூபா தருவீங்களா? ஒரு படம் எடுக்கப் போறேன்" என்று கேட்டான். வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே நான் சிரித்துவிட்டேன். கல்யாண வீடியோ எடுத்து ஏதோ உழைக்கிற பிள்ளை. அவனுடைய முகம் வாடிப் போனதைக் கண்டதும் மனம் கேட்கவில்லை. "கணக்கு எழுதிக் கொண்டு வா, பார்ப்போம்" என்று அனுப்பினேன்.

மறுநாள் அவன் கொண்டு வந்தது கணக்கல்ல, கெவின் ஸ்மித் என்ற அமெரிக்கரின் கதை. அதைக் கேட்டபோது, இது சினிமாக்காரனின் கதையா, கடைக்காரனின் கதையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஸ்மித் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1970இல் பிறந்தவர். 'க்விக் ஸ்டொப்' என்ற சில்லறைக் கடையில் கல்லாவில் நின்று வேலை செய்தார். சினிமா படிக்கவென்று கனடாவின் வன்கூவருக்குப் போனவர், மீதிக் கட்டணமாவது மிஞ்சட்டும் என்று படிப்பை இடையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதே கடையில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார். வருடக் கணக்கில் சேர்த்து வைத்த கொமிக் புத்தகங்களை விற்றார். வெள்ளத்தில் போன காருக்குக் கிடைத்த காப்புறுதிப் பணத்தையும் போட்டார். போதாததற்குக் கடனட்டைகளை முட்ட முட்டப் பாவித்தார். (வட்டிக்கு எடுத்த அந்தப் பகுதியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. படம் ஓடாமல் போயிருந்தால் அந்த மனிதர் எங்கே நின்றிருப்பார்?)

மொத்தச் செலவு 27,575 டொலர். தளவாடத்துக்கும் இடத்துக்கும் பணம் கொடுக்க வழியில்லை. ஆகவே தான் வேலை செய்த கடையையே படப்பிடிப்புத் தளமாக்கினார். பகலில் வியாபாரம், இரவில் கடை பூட்டிய பிறகு படப்பிடிப்பு. 1993இல் 21 நாட்களில், கறுப்பு வெள்ளையில் 'கிளார்க்ஸ்' முடிந்தது. பகலில் நடக்கும் கதையை இரவில் எடுத்தால் கண்ணாடிக்கு வெளியே இருட்டாகத் தெரியுமே? அதற்கு அவர் செய்ததைக் கேட்டால் எந்தக் கடைக்காரனும் ரசிப்பான். யாரோ பூட்டில் சூயிங்கம்மை ஒட்டிவிட்டார்கள், ஷட்டர் திறக்க முடியவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார்! இல்லாததை வாங்காமல் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் வித்தை நமக்குப் புதிதல்லவே.

முதன்முதலாக நியூயோர்க்கில் காட்டியபோது அரங்கம் ஏறத்தாழக் காலி. வந்திருந்த சிலரில் அனுபவமுள்ள ஒருவருக்குப் படம் பிடித்துப்போய், அவர் நாலு பேரிடம் சொல்ல, 1994 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. அங்கே பரிசு கிடைத்தது. மிரமெக்ஸ் நிறுவனம் 227,000 டொலருக்கு வாங்கியது. தியேட்டர்களில் முப்பது இலட்சம் டொலருக்கு மேல் வசூலானது. படத்தில் வரும் பேச்சு குடும்பத்தோடு இருந்து கேட்கக் கூடியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பார்க்கச் சொல்வது படத்தையல்ல, கணக்கைத்தான்.

அந்தக் கணக்கில் மறைந்திருந்த செலவொன்றும் உண்டு. படத்தில் சேர்த்த பாட்டுகளின் உரிமையை வாங்க, படத்தை எடுத்த செலவை விடக் கூடுதலாகப் போனதாம். சரக்கின் விலையைப் பார்த்துவிட்டுத் தீர்வையை மறந்து போகிறவர்களுக்கு இது விளங்கும்.

அடுத்த படம் 'மோல்ராட்ஸ்', 1995. இந்த முறை பெரிய நிறுவனத்தின் பணம், ஏறக்குறைய அறுபது இலட்சம் டொலர். தியேட்டர் வசூல் இருபது இலட்சத்தைச் சற்றுத் தாண்டியதோடு சரி. மனிதர் பழைய வழிக்கே திரும்பி, இரண்டரை இலட்சம் டொலரில் எடுத்த 'சேஸிங் ஏமி' 1997இல் ஒரு கோடியே இருபது இலட்சம் அளவில் வசூலித்தது. முதலில் விற்றது கொமிக் புத்தகங்களை அல்லவா? பின்னர் ரெட் பேங்க் நகரில் கொமிக் கடையொன்றுக்கே முதலாளியானார். 2022இல் வெளிவந்த 'கிளார்க்ஸ்' மூன்றாம் பாகத்தையும் அதே பழைய கடையில்தான் எடுத்தார்.

மருமகன் கணக்கோடு வந்தான். கமரா வாடகை, விளக்கு வாடகை, பயணம் எல்லாம் எழுதியிருந்தான். "பத்துப் பேர் வேலை செய்யப் போறாங்க, சாப்பாடு எங்கே?" என்றேன். "பாட்டு யாருடையது?" என்றேன். பேசாமல் எழுந்து போய்விட்டான். நான் கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன்.

நாலு நாள் கழித்து வந்தான். கமரா வாடகையை வெட்டிவிட்டுக் கைபேசியிலேயே எடுப்பதாகவும், கதை ஒரு புடைவைக் கடையில் நடப்பதாகவும் மாற்றியிருந்தான். தொகை எண்பத்தையாயிரம் ரூபா. அதோடு இரவு எட்டு மணிக்குப் பிறகு என் கடைச் சாவி.

பங்கு முறையில் சம்மதித்தேன். இலாபம் வந்தால் பாதி எனக்கு. நட்டமென்றால் என் பணம் போனது, அவனுடைய உழைப்பும் போனது. இருவரும் எழுதிக் கையெழுத்து வைத்தோம். அவன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று காத்திருந்த ராத்தா, மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சாவி வியாழக்கிழமையிலிருந்து அவன் கையில். மின்சாரக் கட்டணத்தைத் தனியாக எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன், மேல்தட்டில் இருக்கும் பெருநாள் சரக்கைத் தொடக் கூடாது என்றும்.