வீட்டு ஒலிப்பதிவிற் குரலும் இசையும் இணையுமாறு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீட்டு அறையொன்றிற் கணினியையும் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு பாடல் பதிவுசெய்யும் இளைஞர் இன்று பலராவர். குரல் இனிது, பின்னணி இசையும் குறைவற்றது. ஆயினும் இரண்டையும் சேர்த்துக் கேட்குங்கால், நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோலக் குரல் இசையில் ஒட்டாது நிற்கின்றது. இதற்குக் காரணம் யாது? பரிகாரம் யாது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முற்காலத்திற் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒரே அறையிற் கூடி, ஒலிவாங்கியொன்றின் முன்னே பாடினர். உரத்து ஒலிக்கும் வாத்தியம் எட்ட நின்றது. பாடகர் கிட்ட நின்றார். எல்லா ஒலியும் ஒரே சுவர்களில் மோதி மீண்டமையால், இணைப்பு வேலையை அறையே செய்துவிட்டது. பின்னர் ஒலிநாடா வந்தது. 1951 ஆம் ஆண்டில் அமெரிக்கரான லெஸ் போலும் மேரி ஃபோர்டும் குரலையும் கித்தாரையும் அடுக்கடுக்காகப் பதிந்து வெளியிட்ட ‘ஹவ் ஹை த மூன்’ என்னும் பாடல் பெரும்புகழ் பெற்றது. தனித்தனியே பதிந்து பின்னர் சேர்க்கும் அம்முறையே இன்று நம் வீடுகளை எட்டியுள்ளது. இசை ஓரிடத்திற் பிறந்தது. குரல் வேறோரிடத்திற் பிறந்தது. இரண்டையும் ஓர் அறைக்குள் இருத்துவதே நம்முன் உள்ள வேலை.

முதலிற் குரலைத் தூய்மையாகப் பெறல் வேண்டும். வெள்ளவத்தையிற் கடலோரப் புகைவண்டியும் காலி வீதியின் இரைச்சலும் உள. கொட்டாஞ்சேனையிற் கோயில் மணியும் துறைமுகக் கப்பலின் ஊதலும் உள. ஆதலால் ஊர் அடங்கிய நேரத்தைத் தெரிந்து, மின்விசிறியை நிறுத்திப் பாடுக. வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பியடிக்கும். மெத்தையும் தடித்த திரையும் துணி நிறைந்த அலுமாரியும் அதனை உறிஞ்சும். பாடுவோர் பின்னணி இசையை ஹெட்போனிற் கேட்க வேண்டும். இன்றேல் அது ஒலிவாங்கியினுட் புகும். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் தூரம் இருத்தல் நன்று. பதிவிலே கலந்துவிட்ட அறையொலியைப் பின்னர் முற்றாகப் பிரித்தெடுத்தல் அரிது என்பதை மறவற்க.

அடுத்தது சமன்செய்தல். குரலில் 80 ஹேட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளை நீக்கினால் வீதியின் உறுமல் பெரிதும் குறையும். பாடகர் ஓரிடத்தில் முழங்கி மற்றோரிடத்திற் கிசுகிசுப்பாராயின், கம்பிரஸர் என்னும் கருவி உரத்த இடங்களைத் தணிக்கும். உச்ச இடங்களில் 3 முதல் 6 டெசிபல் வரை தணித்தலே பெரும்பாலும் போதுமானது; அளவு மிஞ்சினால் உணர்ச்சியும் தட்டையாகும்.

குரல் தெளிவாகக் கேட்கவில்லை என்றவுடன் அதன் ஒலியை உயர்த்துவதே பலரது வழக்கம். அதனாலேயே குரல் தனித்து மிதக்கின்றது. மனிதச் செவி 2,000 முதல் 5,000 ஹேட்ஸ் வரையுள்ள ஒலிகளை மிகக் கூர்மையாக உணரும். மெய்யெழுத்துக்களின் தெளிவிற் பெரும்பங்கும் அங்கேயே உளது. வயலினும் கீபோட்டும் அதே இடத்தை நிரப்பினால் சொல் மறைவது இயல்பே. ஈக்குவலைசரைக் கொண்டு பின்னணி இசையில் அப்பகுதியை 2 அல்லது 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். குரலை உயர்த்தாமலே சொற்கள் வெளிப்படும். உரத்த குரலினும், இடம்பெற்ற குரலே நன்கு கேட்கும்.

இறுதியாக, ‘றிவேர்ப்’ எனப்படும் செயற்கை முழக்கம். குரலையும் இசையையும் ஒரே மண்டபத்தில் இருத்துவது இதுவே. ஆயினும் தமிழ்ப் பாடலுக்கு இதில் தனியான எச்சரிக்கை வேண்டும். ‘பாட்டு’ என்று சொல்லுங்கால், டகரம் இரட்டிக்கும் இடத்தில் நா மேலண்ணத்தைத் தொட்டு ஒரு கணம் ஒலி அடங்குகின்றது. அக்கணநேர மௌனமும் எழுத்தின் ஒரு பகுதியேயாம். நீண்ட முழக்கம் அம்மௌனத்தை நிரப்பிவிடும். குறிலின் வாலும் நீண்டு நெடில்போல் மயங்கும். எனவே விரைந்த பாடலுக்குக் குறுகிய முழக்கமே தகும். குரல் எழுந்து 20 அல்லது 30 மில்லிசெக்கன் கழிந்தபின் முழக்கம் தொடங்குமாறு அமைத்தல் நன்று. முதல் ஒலியை ஏறத்தாழ அவ்வளவு நேரத்துள் தொடரும் மறுவொலியைச் செவி வேறாகப் பிரித்துணர்வதில்லை என்பதை 1949 இல் ஹெல்முற் ஹாஸ் என்னும் ஜேர்மனிய அறிஞர் ஆய்ந்து காட்டினார். ஆகவே எழுத்தின் தொடக்கம் தெளிவாக நிற்கும். முழக்கமும் அதனோடு பொருந்தும்.

முடிவிற் சோதனை ஒன்று கூறுவோம். பதிவை மிகத் தணிந்த ஒலியிலும் கைத்தொலைபேசியிலும் கேளுங்கள். பின்னர், அப்பாடலை அறியாத ஒருவரிடம் கொடுத்துக் கேட்ட சொற்களை எழுதச் சொல்லுங்கள். தாளம் போட்டுத் தலையசைத்தவர் சொற்களைத் தவறாக எழுதினால் வேலை இன்னும் முடியவில்லை என்பது பொருள். பாடியவருக்கும் பதிந்தவருக்கும் பாடல் மனப்பாடமாதலின், அவர் செவி இல்லாத சொல்லையும் நிரப்பிக்கொள்ளும். கல்லூரிக் கீதமாயினும் தேவாரமாயினும், புதிதாய்க் கேட்போன் ஒருவன் ஒவ்வொரு சொல்லையும் பெற்றுக்கொள்வானாயின், குரலும் இசையும் இணைந்தன எனத் துணியலாம்.