உங்களுக்குத் தெரியுமா? பிரெஞ்சுச் சட்டத்தில் இந்திய அடிமைகள்

● புனே பெர்குசன் கல்லூரியில் படித்த சாவர்க்கர், 1910 ஜூலை 8 அன்று மார்செய் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடமே ஒப்படைத்துவிட்டார். தஞ்சம் தேடி வந்தவரைக் கைவிட்டது தவறு என்று ழான் ழொரேஸின் 'லுமானித்தே' நாளேடும், கார்ல் மார்க்ஸின் பேரன் ழான் லோங்கேயும் போராடினார்கள். ஹேக் நடுவர் மன்றம் 1911 பிப்ரவரியில் பிரிட்டனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

● அதே காலத்தில் பாரதியார், அரவிந்தர், வ.வே.சு. ஐயர் மூவருக்கும் பிரெஞ்சுப் புதுச்சேரிதான் அடைக்கலம். ஆனால் 1936 ஜூலை 30 அன்று அதே ஊரில், வேலைநிறுத்தம் செய்த சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

● புதுச்சேரியில் ஆட்களைக் கடத்தி, அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றி 1743இலேயே எழுதிவைத்தவர் நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளை. இந்தியப் பெருங்கடலில் இருந்த பிரெஞ்சுத் தீவுகளில் இந்திய அடிமைகள் இருந்தார்கள். 1848இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தது. அதன்பின் கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான மர்தினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் போய் இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கேட்டு 1904 முதல் 1923 வரை விடாமல் வழக்காடி வென்றவர் குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம். நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டிய பெயர் இது.

● 2001 மே 21 அன்று வந்த தோபிரா சட்டம், அடிமை வணிகத்தை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்தது. அதன் முதல் பிரிவு ஆப்பிரிக்கர், அமெரிக்கப் பழங்குடியினர், மடகாஸ்கர் மக்கள் ஆகியோரோடு இந்தியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது!

● நான்கே ஆண்டுகளில் காற்று திசைமாறியது. கடல்கடந்த பிரெஞ்சு ஆட்சியின் 'நன்மைகளை'ப் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும் என்றது 2005 பிப்ரவரிச் சட்டம். அதை எதிர்த்து குளோத் லியோசு முதலிய வரலாற்றாசிரியர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். மர்தினிக் கவிஞர் எமே செசேர், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த சர்கோசியைச் சந்திக்க மறுத்தார். 2006இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது.

● 2020 ஜூனில் பாரிஸில் நாடாளுமன்றத்தின் எதிரே சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட கொல்பேர் சிலை நினைவிருக்கிறதா? 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கிவைத்த அமைச்சர் அவர்தான்.

● அல்ஜீரியப் போரை எதிர்த்து 1960இல் சார்த்ர் உள்ளிட்ட 121 பேர் வெளியிட்ட அறிக்கை உலகப் புகழ் பெற்றது. புதுச்சேரி, காரைக்கால் பற்றிப் பிரெஞ்சு அறிவுலகம் இவ்வளவு சூடாக விவாதித்ததில்லை. அங்கே பழைய நாட்களைப் பற்றிய இனிப்பான ஏக்கமே மிகுதி. அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தவர்கள் எழுத்தாளர்கள். மர்தினிக் தமிழர் வாழ்வை ரஃபயேல் கோன்ஃபியான் 2004இல் பிரெஞ்சு நாவலாக்கினார். ஆனந்தரங்கர் காலத்துப் புதுச்சேரியைப் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களில் எழுப்பினார். இதுவரை படிக்காதவர்கள் பிரபஞ்சனிலிருந்து தொடங்குங்கள்.