உஷார்! மூணு நாள் கடை, நாலாம் நாள் ஆள் இருக்காது

"மூன்று நாள் மட்டும்! சீட் கொஞ்சம்தான்! இன்றிரவோடு முன்பதிவு முடிகிறது!" வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு போஸ்டர் வந்ததும் கை தானாக ஜிபேவுக்குப் போகிறதா? நிறுத்துங்கள்.

பாப்-அப் உணவகம் என்று இந்த மாதிரிக் கடைக்குப் பேர். யாருடைய மண்டபத்திலோ மொட்டை மாடியிலோ சில நாள் மட்டும் அடுப்பு மூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைக்காரர்களான நமக்கு இது புதிதா என்ன? காஞ்சி வரதராஜர் கோயில் வைகாசி கருட சேவைக்கு ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் கடைகளும் நமக்குப் பழக்கம். 2019-இல் அதே கோயிலில் அத்திவரதர் காட்சி தந்த 48 நாள் கூட்டமும் பழக்கம். ஆனால் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் காசு கொடுத்தோம். இங்கே காசு முதலில், இலை அப்புறம்.

நாளைக்குக் கிடைக்காது என்பதால்தானே இன்றைக்கு விழுகிறோம்? ஏமாற்ற வருகிறவனுக்கும் அதே வசதிதான். நாலாம் நாள் போய் யாரைக் கேட்பீர்கள்?

படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தான் குடியிருந்த கொட்டகையையே 'தி ஷெட் அட் டல்விச்' என்று உணவகமாகப் பதிந்தார். தெரிந்தவர்களை வைத்துப் பொய் விமர்சனங்கள் எழுதவைத்தார். ஒரு தட்டுகூடப் பரிமாறாமலே டிரிப்அட்வைசரில் லண்டனின் முதலிடம்! பதார்த்தம் என்று அவர் போட்ட படங்களில் சவர நுரை இருந்தது. ஒன்றில் அவருடைய குதிகாலே இருந்தது. அவர் விளையாட்டுக்குச் செய்தார். எல்லாரும் விளையாட்டுக்குச் செய்வதில்லை.

அடுத்தது சாயம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது நினைவிருக்கிறதா? சோதனையில் சிக்கியது ரோடமைன்-பி, துணிக்குப் போடுகிற சாயம். சாயம் தோய்த்த நூல் கையில் என்ன செய்யும் என்று நெசவு ஊர்க்காரர்களான நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம் விரலில் ஒட்டி, சோப்புக்கும் அசையவில்லை என்றால் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்திருங்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால் அதன் தட்டையும்.

'கோயில் இட்லி விருந்து' என்று போட்டிருந்தால் நமக்குக் கூடுதல் உரிமை உண்டு. வரதராஜர் கோயில் குடலை இட்லி, மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் வேகிற சமாச்சாரம். அவசரமாக டம்ளரில் வேகவைத்துவிட்டுப் பாரம்பரியம் என்று விலை சொல்கிறவரிடம், "குடலையைக் காட்டுங்க சார்" என்று கேளுங்கள். கூச்சம் எதற்கு?

தற்காலிகக் கடைக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு சட்டப்படி வேண்டும். 14 இலக்க எண் எங்கே, சமைப்பது எங்கே என்று பணம் அனுப்புமுன் கேளுங்கள். பதில் மழுப்பினால் விட்டுவிடுங்கள். போஸ்டரில் உள்ள மண்டபத்துக்கு நீங்களே போன் போட்டு, அந்தத் தேதியில் நிஜமாகவே புக்கிங் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியாள் நம்பருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டால் சந்தேகமே வேண்டாம், கொடுக்காதீர்கள்.

பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சாப்பாட்டில் கோளாறா? தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. போஸ்டர், பில், பணம் போன ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். புகார் மட்டும் பந்தல் பிரிவதற்குள் போய்விட வேண்டும்.