ஊர்த் தேநீர்க்கடை

காலையுணவு என்றவுடன் வீட்டு அடுக்களையை நினைப்பதே நமது இயல்பு. ஆயினும், நம் நாட்டிலே எத்தனையோ பேருடைய காலைப்பொழுது ஊர்ச் சந்தியிலுள்ள தேநீர்க்கடையிலேதான் தொடங்குகின்றது. விடியுமுன் தொழிலுக்குப் புறப்படுவோர், இரவுக் காவல் முடிந்து திரும்புவோர், முதற் பேருந்துக்குக் காத்திருப்போர், சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்வோர் ஆகிய பலருக்கும் அடுப்பெரிவதைக் காணும் முதலிடம் அதுவே. அத்தகைய கடை எவ்வாறு தோன்றிற்று, அங்கே நடைபெறுவன யாவை, அதனால் ஊருக்கு ஆகும் பயன் யாது என்பனவற்றை இன்று சிறிது சிந்திப்போம்.

சிங்கள மக்கள் இக்கடையைத் 'தே கடே' என்பர். 'கடே' என்பது நமது 'கடை' என்னும் சொல்லேயாகும். நாம் அமரும் வாங்கும், முன்னாலுள்ள மேசையும், உண்ணும் பாணும் போர்த்துக்கேய மொழி நமக்குத் தந்த சொற்கள். தேநீர் பருகும் வழக்கமோ சீனத்திலே தோன்றியது. ஓலைக் கூரையின் கீழே அமைந்த சிறு கடையாயினும், பல நாட்டு மக்களின் வரவை அது தன்னகத்தே காட்டி நிற்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை மலைநாட்டின் பெரும்பயிர் கோப்பியே. 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் ரெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். இரண்டாண்டுகளின் பின், 1869இல், கோப்பி இலைகளிலே செம்மஞ்சள் நிறத் துருநோய் காணப்பட்டது. அந்நோய் படிப்படியாகப் பரவிக் கோப்பித் தோட்டங்களை அழிக்க, அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தமிழகத்திலிருந்து வந்து மலையகத்தைத் தம் உழைப்பினாலே வளம்படுத்திய தொழிலாளரின் கைகளே அத்தேயிலையைக் கொய்தன. விலையுயர்ந்த தேயிலையிற் பெரும்பகுதி கப்பலேறிப் பிறநாடுகளுக்குச் சென்றது. சந்திக் கடைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது தேயிலைத் தூள். தூளிலே துணிக்கைகள் மிகச் சிறியனவாதலின் கொதிநீர் பட்டவுடன் சாயம் விரைந்து இறங்கும். சிறிதளவு தூளைக்கொண்டே பலருக்குக் கடுந்தேநீர் வழங்கலாம். ஏழைத் தொழிலாளியும் நாள்தோறும் தேநீர் பருக முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனிக் கடையின் அடுப்படியை நோக்குவோம். பொழுது புலருமுன்னரே பெரிய கேத்திலில் நீர் கொதிக்கும். வறுத்த அரிசிமாவைச் சுடுநீர் விட்டுக் குழைத்து, இடியப்ப உரலிலே இட்டுத் தட்டுகளிற் பிழிந்து, ஆவியில் அவிப்பர். அதற்குத் துணை சொதி. பச்சைமிளகாய், வெங்காயம், வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றைக் கப்பிப்பாலில் வேகவிட்டு, முதற்பாலைப் பின்னர் சேர்ப்பர். அடுப்பினின்றும் இறக்கிய பின்பே தேசிக்காய்ப் புளி விடுவர். கொதிக்கும்போது விட்டாற் பால் திரைந்துவிடும். தேங்காய்ப்பூவும் செத்தல்மிளகாயும் வெங்காயமும் சேர்த்து இடித்த சம்பல் வேறாக இருக்கும். பிட்டு, தோசை, பாணும் பருப்புங்கூட உண்டு. பாலில்லாத வெறுந்தேநீரைப் பனங்கட்டியைக் கடித்தவண்ணம் பருகுவது வடபகுதியிலே நெடுங்கால வழக்கம்.

காலை ஒன்பது பத்து மணிக்கு இரண்டாவது கூட்டம் வந்து சேரும். விடியலிலே தோட்டத்துக்கு நீர் இறைத்தோரும், கடலிலிருந்து கரைசேர்ந்தோரும் தம் முதலுணவை உண்பது அப்பொழுதுதான். காலையுணவையும் பகலுணவையும் ஒன்றாக்கிப் 'பிரஞ்ச்' எனப் பெயரிட்டு உண்பது மேல்நாட்டார் வழக்கம். அச்சொல்லை 1895ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கை பெரிஞ்சர் என்பவர் எழுதிய கட்டுரையிற் காண்கின்றோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நேரஞ்சென்று எழுவோருக்காக அவர் அதனைப் பரிந்துரைத்தார். நம் ஊரிலோ, மிக முந்தி எழுந்தோரே அந்நேரத்தில் உண்கின்றனர். உணவு நேரம் ஒன்றாயினும் காரணம் முற்றிலும் வேறு.

வயிற்றை நிரப்புதல் மட்டுமே கடையின் பணியன்று. ஒருவர் வாங்கிய பத்திரிகையைப் பத்துப்பேர் படிப்பதும், எழுத்தறியாதார்க்கு எழுத்தறிந்தார் வாசித்துக் காட்டுவதும் அங்கேதான். வீட்டிலே வானொலிப் பெட்டி இல்லாத காலத்திற் செய்திகளையும் பாடல்களையும் பலர் கேட்டதும் அங்கேதான். மேசன் வேலைக்கு ஆள் வேண்டுமா, மாடு விலைக்கு வேண்டுமா, எவர் வீட்டிலே துக்கம் என்பன வெல்லாம் முதலிலே அங்கு தெரியவரும். கையிலே பணமில்லாதவனுக்குக் கடன் கொப்பியிலே ஒரு வரி எழுதி உணவளிக்கும் முதலாளியும் உளர். அவசரமின்றி ஒருவன் அமர்ந்திருக்க, அவனை எழும்படி எவரும் கூறாதிருத்தலே இத்தகைய கடையின் தனிச் சிறப்பு.

இச்சிறப்பை உலகம் முன்னரே அறிந்திருந்தது. இலண்டன் மாநகரிலே முதற் கோப்பிச்சாலை 1652இல் திறக்கப்பட்டது. அத்தகைய சாலைகளுக்கென 1674இல் அச்சிடப்பட்ட விதிகளிலே ஒன்று நமது கருத்துக்கு உரியது. உயர்ந்தோரும் வணிகரும் யாவரும் அங்கே வரலாம். தம்மினும் மேலானவர் வந்தார் என்பதற்காக எவரும் தம் இருக்கையை விட்டு எழவேண்டியதில்லை என்பதே அது. மக்கள் ஒன்றாக அமர்ந்து உரையாடுதல் அரசுக்கு ஆகாது எனக் கருதிய இரண்டாம் சாள்ஸ் மன்னர் 1675இன் இறுதியில் அச்சாலைகளை மூடப் பணித்தார். எதிர்ப்பு மிகவே சில நாட்களிலேயே அக்கட்டளையைக் கைவிட்டார். ஆயினும் அங்கும் பெண்கள் பெரும்பாலும் வாடிக்கையாளராய் அமர்ந்தாரல்லர் என்பதை மறத்தலாகாது.

நேயர்களே, நம்மிடையே நிலைமை எவ்வாறிருந்தது? யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பலவற்றிலே, தாழ்த்தப்பட்ட சாதியினர் என ஒதுக்கப்பட்டோர் உள்ளே நுழைதலும் வாங்கில் அமர்தலும் தடுக்கப்பட்டன. ஏனையோர்க்குக் கண்ணாடிக் குவளையிலே தேநீர். அவர்களுக்கோ வெளியிலே நின்று பருகத் தகரப்பேணியும் போத்தலும் சிரட்டையும். பணம் ஒன்று, தேநீர் ஒன்று. பாத்திரம் மட்டும் வேறு. தேயிலையைக் கொய்த கை யாருடையது, பாணுக்கு மாப் பிசைந்த கை யாருடையது என்று எவரும் கேட்டாரல்லர். பருகும் உதட்டைப் பற்றியே கேட்டனர். அமைதியாக அமர்ந்து உண்ணும் இடம் எனச் சிலர் போற்றிய கடையே பிறருக்கு அவமானத்தின் வாயிலாய் இருந்தது.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கடையிலோ உணவுச்சாலையிலோ பிற பொதுவிடங்களிலோ தடுத்தலைக் குற்றமாக்கிற்று. எழுதப்பட்ட சட்டம் கடைவாயிலைத் தானே திறந்துவிடவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தாக்குதலையும் தாங்கி அது முன்சென்றது. தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் நுழையும் போராட்டங்கள் நடைபெற்றன. 1968இலே சங்கானைப் பகுதியில் அவை உச்சநிலை அடைந்தன. ஒரு குவளைத் தேநீரைச் சமமாக அமர்ந்து பருகும் உரிமைக்காக உயிர் நீத்தோரும் உளர். கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' என்னும் நாவல் அக்காலத்து வாழ்வைப் பதிவு செய்துள்ளது. 1971இலே சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனையும் கூட்டப்பட்டது. கடைகளிலே பாத்திரம் வேறுபடுத்தும் அவ்வழக்கம் இன்று பெரிதும் மறைந்துவிட்டதெனின், அது காலத்தின் கொடையன்று. மனிதர் போராடிப் பெற்ற பேறு.

மற்றுமொரு மாற்றமும் நிகழ்ந்துவருகின்றது. தேநீர்க்கடை வாங்கு நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாய் இருந்தது. பெண்கள் வீட்டிலே சமைத்தனர். வெளியே அமர்ந்து உண்டது அரிது. இன்று விவசாயத் திணைக்களத்தின் ஆதரவிலே நாட்டின் பல பாகங்களில் 'ஹெல போஜுன்' உணவகங்களும், வடபகுதியிலே 'அம்மாச்சி' உணவகங்களும் நடைபெறுகின்றன. அங்கே பெண்களே கண்முன் சமைத்து, தாமே விற்று, தாமே வருவாய் பெறுகின்றனர். குரக்கன் பிட்டு, உழுந்துவடை, கொழுக்கட்டை, இலைக்கஞ்சி முதலிய நாட்டுணவுகளை உத்தியோகத்தரும் மாணவரும் குடும்பத்தோடு வருவோரும் குறைந்த விலையிலே பெறுகின்றனர். அடுக்களைக்குள் மறைந்திருந்த கைத்திறன் சந்திக்கு வந்து மதிப்புப் பெற்றுள்ளது.

ஓர் ஊரின் தன்மையை அறிய விரும்புவோர் அங்குள்ள பெரிய மாளிகைகளை அளந்து பார்க்க வேண்டியதில்லை. விடியற்காலையிலே அதன் தேநீர்க்கடைக்குச் சென்று, யார் யார் உள்ளே அமர்ந்திருக்கின்றனர், யார் வெளியே நிற்கின்றனர் என நோக்கினாற் போதும். கூலியாளும் ஆசிரியரும், ஆணும் பெண்ணும், ஊரவரும் வழிப்போக்கரும் ஒரே வாங்கிலே அமர்ந்து, ஒரே வகைக் குவளையிலே பருகும் கடை எந்த ஊரில் உளதோ, அந்த ஊரிலே பொழுது நன்றாகவே புலர்கின்றது. அந்த வாங்கிலே புதிதாக வருபவருக்கும் சிறிது இடம் விட்டு அமர்வது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.