கந்தையும் கலையும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவுக்குச் செல்பவரை முதலில் வரவேற்பது நாகபூஷணி அம்மன் கோயிலின் கோபுரம். ஆனித் திருவிழாக் காலத்தில் அங்கே கூடும் அடியவர் பல்லாயிரவர். தேர் அசைந்து வரும்பொழுது எல்லாருடைய கண்களும் அம்மனை நாடுகின்றன. தேரை அணிசெய்யும் சீலைகளையும் தொங்கல்களையும் நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. ஒரு நிறத் துணியின்மேல் வேறு நிறத் துணியைப் பூவாகவும் கொடியாகவும் வெட்டி வைத்துத் தைக்கும் வேலை நம் கோயில்களுக்கு நெடுநாட் பழக்கமானது. தஞ்சாவூர்ப் பகுதியில் தொம்பை எனப்படும் உருளை வடிவான தேர்த் தொங்கல்களை இவ்வாறு தைப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு.

அதே நயினாதீவில், கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் நாகவிகாரையை அடையலாம். அங்குள்ள பிக்குகளின் துவராடையை உற்று நோக்குங்கள். அது ஒரே முழுத்துணி அன்று. பல துண்டுகளை வரிசையாக இணைத்துத் தைத்தது. மகத நாட்டு வயல்களையும் அவற்றின் வரப்புகளையும் காட்டி, அவ்வமைப்பில் ஆடை தைக்க இயலுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டார் என்பது விநய நூல் கூறும் செய்தி. வெட்டுண்ட துணியைப் பிறர் கவர விரும்பார் என்பதும் அங்கே சொல்லப்படும் காரணம். மழைக்காலத் தவம் முடிந்தபின் அளிக்கப்படும் கட்டினச் சீவரத்தை வெட்டி, தைத்து, சாயமிடுவதெல்லாம் ஒரே நாளுக்குள் முடிதல் வேண்டும். பல கைகள் கூடினாலன்றி அது ஆகாது.

இவ்வாறு ஒரு சிறு தீவிலேயே ஒட்டுத்துணி இரண்டு வேறு பொருள்களைத் தருகிறது. ஒன்று அழகு, மற்றொன்று துறவு. வெட்டுண்ட துணிக்கு விலை இல்லை என்று முன்னோர் கருதினர். இன்றோ அத்தகைய துணிகளைப் பெருவிலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பவர்களும், அவற்றுக்கென்றே மாளிகை எழுப்பியவர்களும் உலகில் உள்ளனர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதில் நமக்கு என்ன பாடம் உண்டு என்பதையே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

ஆங்கிலேயர் 'குவில்ட்' என்று சொல்லும் பொருளை நாம் ஒட்டுப்போர்வை என்று அழைக்கலாம். அதற்கு மூன்று படைகள் உண்டு. மேலே துண்டுகள் இணைந்த முகத்துணி, நடுவே பஞ்சு அல்லது பழந்துணி, கீழே அடித்துணி. இம்மூன்றும் நழுவாதவாறு ஊடுருவிச் செல்லும் நூலோட்டமே அதன் உயிர். இது குளிர்நாட்டார்க்கு மட்டும் உரிய பொருள் என்று எண்ணிவிடலாகாது. வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலைக் கொண்டே தைக்கும் விரிப்புக்குக் 'காந்தா' என்று பெயர். நாம் வழங்கும் 'கந்தை' என்னும் சொல்லும் அச்சொல்லும் ஒரே மூலத்தவை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நாம் சொன்னோம். அவர்களோ கந்தையில் தாமரையும் யானையும் தேரும் தைத்தார்கள்.

கருநாடகத்தின் வடகன்னடக் காடுகளில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களான சித்தியர் வாழ்கின்றனர். அவர்களுடைய பெண்கள் தைக்கும் 'கவண்டி' என்னும் போர்வை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்லும். முடிவில் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிப் பூக்களை வைப்பார்கள். பூ இல்லாத கவண்டி அவர்கள் கண்ணுக்கு நிறைவுபெறாத ஒன்று.

இனி, இப்போர்வைகள் கட்டிலைவிட்டுச் சுவருக்கு ஏறிய கதையைக் கேளுங்கள். 1971ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் விற்னி அரும்பொருட்சாலை பழைய அமெரிக்க ஒட்டுப்போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது. கண்டவர் வியந்தனர். ஆயினும் அவற்றுட் பலவற்றைத் தைத்த பெண்களின் பெயர் எவருக்கும் தெரியவில்லை. 1979இல் ஒகையோ மாநிலத்தில், பழைய பால்மாட்டுக் கொட்டிலொன்றைக் கலைக்கூடமாக்கி, புதிய கலைப்போர்வைகளுக்கென ஒரு கண்காட்சி தொடங்கினார்கள். அது ஈராண்டுக்கொருமுறை நடந்துவருகிறது. படுப்பதற்கன்றிப் பார்ப்பதற்கென்றே தைக்கும் கலைஞர்களின் கூட்டம் இவ்வாறு வளர்ந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் ஒட்டுப்போர்வைகளுக்கென்றே ஓர் அரும்பொருட்சாலையும் உண்டு.

சேர்ப்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஹரியற் பவேர்ஸ் என்னும் மூதாட்டியின் வரலாறே சிறந்த பாடம். அடிமையாகப் பிறந்த அவர், விவிலியக் கதைகளைப் பதினொரு கட்டங்களாகத் துணியில் வெட்டித் தைத்தார். 1886இல் ஜோர்ஜியாவில் நடந்த பருத்திச் சந்தையில் அதைக் கண்ட ஓர் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவேர்ஸ் மறுத்தார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கியது. பத்து டொலர் கேட்டு, ஐந்து டொலருக்கே கொடுத்துவிட்டுச் சென்றார். பிறகும் பலமுறை அந்த வீட்டுக்கு வந்து தம் போர்வையைப் பார்த்துப் போனாராம்.

விலை நியாயமானதன்று. இருப்பினும் அந்த ஆசிரியை ஒரு நற்செயல் செய்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பவேர்ஸ் கூறிய விளக்கத்தைக் கேட்டு எழுதிவைத்தார். அப்போர்வை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. அந்த எழுத்து இல்லாதிருந்தால் அதை ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரறியாத கைவேலை என்றே கண்டிருப்போம்.

அலபாமா மாநிலத்தின் கீஸ் பென்ட் என்னும் ஆற்று வளைவு ஊரிலும் இத்தகைய வரலாறு உண்டு. வயலில் உழைத்துக் கிழிந்த காற்சட்டைகளைக் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் போர்வை தைத்தனர். 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவு ஒன்றை அமைத்தனர். 2002ஆம் ஆண்டில் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் காட்சிக்கு வந்தன. 2006இல் அஞ்சல் முத்திரைகளிலும் இடம்பெற்றன. புகழுடன் கேள்வியும் வந்தது. விற்பனையின் பயன் யாருக்கு, உருவத்தைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்று 2007இல் வழக்குகள் எழுந்து, பின்னர் இணக்கமாக முடிந்தன. ஆகவே வாங்குபவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, 'இதன் விலை என்ன?' என்பதன்று. 'இதைத் தைத்தவர் யார்? அவர் கைக்குச் சேர்வது எவ்வளவு?' என்பதேயாகும்.

ஒட்டுப்போர்வையை மூன்று நிலைகளில் நின்று சுவைத்தல் வேண்டும். முதலிற் பத்தடி தள்ளி நின்று பார்க்க. அப்பொழுது துண்டுகள் மறைந்து, நிறங்களின் போக்கும் மொத்த வடிவும் புலப்படும். அடுத்து, கையெட்டும் தூரத்தில் நின்று தையலைக் காண்க. நூலோட்டம் நேராகச் செல்கிறதா, வளைந்து துணியை அலைபோலச் சுருக்குகிறதா, ஓரிடத்தில் நிறம் மாறினால் அது துணி போதாமையாலா, வேண்டுமென்றேயா என்று ஆராய்க. மூன்றாவதாக, உரியவரின் அனுமதியோடு பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க. முன்புறம் கலைஞர் நமக்குக் காட்ட விரும்பியது. பின்புறமோ அவர் உழைத்த விதம். முடிச்சும் திருத்தமும் அங்கேதான் உள்ளன.

தையற்காரர் கூடும் இடங்களில் இச்சுவை எளிதில் வளரும். பலர் ஒரே விரிப்பைச் சுற்றி அமர்ந்து தைக்கும் வழக்கம் மேல்நாட்டில் உண்டு. நம் தீவுகளில் பெண்கள் கூடியிருந்து பனையோலையிற் பெட்டியும் பாயும் இழைக்கும்பொழுது நிகழ்வதும் இதுவே. ஒருவர் கைவேலையை மற்றவர் பார்த்துப் பாராட்டுகிறார், குறை சொல்கிறார், மறுநாள் இருவர் வேலையும் சிறக்கிறது. இத்தகைய குழுவில் ஒருவர் மற்றவரின் சிறு துணிப்படம் ஒன்றை வாங்கியோ மாற்றாகப் பெற்றோ வைத்துக்கொள்வதே நல்ல சேகரிப்பின் தொடக்கம். பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. கைக்குட்டை அளவினதானாலும், தைத்தவரை அறிந்து பெற்ற ஒன்று, அறியாமற் பெற்ற பத்தைவிட மேலானது.

பேணும் முறையையும் சொல்லவேண்டும். கடற்காற்றின் ஈரமும் வெயிலும் துணிக்குப் பகை. நேர்வெயில் படும் சுவரில் தொங்கவிடலாகாது. ஆண்டு முழுதும் மடித்தே வைத்தால் மடிப்பில் இழை அறும். ஆகவே, அலசிக் கஞ்சி நீக்கிய வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைப்பது நன்று. கஞ்சியை நாடி இராமபாணப் பூச்சி வரும். அந்துருண்டை துணியில் நேரே படலாகாது. மழைக்காலம் கழிந்ததும் நிழலிற் காற்றாட விடுக. பின்புறத்தில் ஒரு சிறு துணித்துண்டைத் தைத்து, அதில் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் அழியாத மையால் எழுதுக. இதைச் செய்யாத சேகரிப்பு, பெயரில்லாக் கல்லறை போன்றது.

துணி சாட்சியும் சொல்லும். சிலி நாட்டில் 1973இல் படையாட்சி வந்தபின், காணாமற்போன பிள்ளைகளையும் கணவரையும் தேடிய பெண்கள், சாக்குத் துணியின்மேல் கந்தைத் துண்டுகளை ஒட்டித் தம் துயரத்தைப் படமாகத் தைத்தனர். அவற்றை வாங்கிய பிறநாட்டார் அத்துயரத்தை அறிந்தனர். நம் நாட்டிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹேமா ஷிரோனி, துணியையும் நூலையும் கொண்டு இடம்பெயர்வையும் வீட்டின் நினைவையும் படைப்பாக்கி வருகிறார். இடம்பெயர்ந்தோர் தம் வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைத் தொகுத்து ஓவியர் த. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலும் இந்த வரிசையில் எண்ணத்தக்கது.

1990ஆம் ஆண்டையடுத்துத் தீவகத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. அவர்களுடைய மக்களும் பேரமக்களும் இன்று கடல் கடந்தும் வாழ்கின்றனர். றங்குப் பெட்டியின் அடியில் கூறைச்சேலையின் துண்டோ, குழந்தைக்கு ஏணை கட்டிய பழஞ்சேலையோ இருக்கலாம். அதை வீசிவிடுமுன் சற்று நில்லுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால், அது யாருடையது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு நாலு துண்டுகளை இணைத்துத் தையுங்கள். தைக்கத் தெரியாதவர் தெரிந்தவரிடம் உரிய கூலி கொடுத்துத் தைப்பியுங்கள். அடுத்த முறை நயினாதீவுத் தேர்முன் நிற்கும்பொழுது, அம்மனை வணங்கியபின், அந்தச் சீலைகளையும் ஒருகணம் நிமிர்ந்து பாருங்கள். அவற்றைத் தைத்த கைகளுக்கும் ஒரு பெயர் உண்டு. அதைக் கேட்டறிந்து எழுதிவைப்பவரே மெய்யான சேகரிப்பாளர்.